எருக்கஞ்செடி எதற்கும் ஆசைப்படுவதில்லை

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்கைத் தேர்வு (natural selection) பாடம் நடத்தும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்பேன். சிறுத்தைக்கு இவ்வளவு வேகம் எப்படி வந்தது? ஆடு மாடு வாய் வைக்கத் தயங்கும் பால் எருக்கஞ்செடிக்கு எப்படி வந்தது?

முதல் கேள்விக்கு உடனே பதில் வரும்: "இரை பிடிக்க ஓடி ஓடி வேகம் வந்துச்சு சார்." இரண்டாவதற்கு வகுப்பே யோசிக்கும். அப்புறம், "மண்ணோட குணம்", "அந்தச் செடியே அப்படித்தான்."

செடியில்தான் குழப்பம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. விலங்கு ஆசைப்படும், முயலும் என்பதால் தப்பான பதில்கூட அங்கே சரிபோலக் கேட்கிறது. செடியிடம் அந்தச் சாக்கு செல்லாது, அவ்வளவுதான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பரிணாமம் விலங்கியல் புத்தகத்தில் இருப்பதும் இதற்கு உதவவில்லை.

அதனால் நான் களையிலிருந்து தொடங்குகிறேன். நெல் வயலில் குதிரைவாலி இனத்துப் புல் ஒன்று வரும். அதன் காட்டு வகை படர்ந்து வளரும், தண்டின் அடி சிவந்திருக்கும். கைக்களை எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நிமிர்ந்து, அடி பச்சையாக, நெல்லைப்போல இருந்தவை தப்பி விதை உதிர்த்தன. பல நூறு ஆண்டுகள் இப்படியே போனதில், நெல்லோடு நின்றால் பிரித்தறிய முடியாத வகை உருவாகிவிட்டது. தண்டைச் சுற்றிய இலையுறையோடு இலைத்தாள் சேரும் இடத்தைப் பார்த்தால் தெரியும்: நெல்லுக்கு அங்கே மெல்லிய நாக்குபோல ஒரு சவ்வு உண்டு, இதற்கு இல்லை.

ஹரியானா கோதுமை வயல்களில் இன்னும் வேகமாக நடந்தது. ஆண்டுக்கணக்கில் ஐசோபுரோட்டியூரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே அடித்ததில், 1990-களின் தொடக்கத்தில் 'குல்லி டண்டா' என்ற புல் அதற்குச் சாகாமல் நின்றது. "மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார்கள் பிள்ளைகள். எந்தச் செடியும் பழகவில்லை. மருந்தைச் சிதைக்க முடிந்த சில செடிகள் முன்பே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்துப்போக, அவற்றின் விதைகளே வயலை நிரப்பின.

இதற்கு அப்புறம் ஒரு கேள்வி. கைக்களைக்குப் பதில் கோனோவீடர் என்ற, கையால் தள்ளும் உருளைக் களைக்கருவியை ஓட்டினால்? அது முகம் பார்க்காது, வரிசைக்கு இடையில் இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும். நெல் குத்தை ஒட்டி முளைத்த களை தப்பிக்கும். "அப்போ அது தேர்வாகிடுச்சு" என்று பாதி வகுப்பு சொல்லும். விதை எங்கே விழுந்தது என்பது அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்று மீதிப் பாதி கேட்க ஆரம்பித்தால், நான் பேசாமல் உட்கார்ந்துகொள்வேன்.