வண்டி இழுக்கலையா? கார்ப்ரேட்டர்ல கை வைக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, கார்ப்ரேட்டர் போச்சு போல, புதுசு என்ன ரேட்டு வரும்?" பட்டறைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு வண்டிய ஸ்டாண்டு போடுறதுக்குள்ள கேட்குற கேள்வி இது. வேற எங்கயாவது காட்டிட்டு வந்திருப்பாங்க, அங்க சொன்னது மனசுல பதிஞ்சிருக்கும். ஆனா அப்படி வர்ற வண்டிங்கள்ல நிறையத்துல கார்ப்ரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான், நல்லாத்தான் இருக்கு, கோளாறு அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எங்கயோ உக்காந்திருக்கு.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுக்கப்புறம் புது வண்டி கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்ஷன் (கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் தெளிக்குறது) ஆகிடுச்சு. இப்ப வேலை பழகுற பசங்களுக்கு கார்ப்ரேட்டர் ட்யூனிங் கைக்கு வர்றதுக்கே வாய்ப்பில்ல, அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. ஆனா தெரியலன்னு சொல்றதுக்குப் பதிலா 'அசெம்பிளியே மாத்தணும்'னு சொல்லி காசு வாங்குறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. ஒரு கார்ப்ரேட்டர்ல தேயுற சாமான் ரொம்பக் கம்மி: ஸ்லைடு (காத்து வழில மேல ஏறி இறங்குற அடைப்பு), அதுல தொங்குற ஊசி, ஊசி இறங்குற ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை உள்ள சாமான்), ஃப்ளோட் வால்வு (கப்புல பெட்ரோல் அளவைப் பார்த்துக்குறது), நாலு ஓ-ரிங், அவ்ளோதான். மிச்சமெல்லாம் அழுக்கு. அழுக்குக்காக யாராவது பொருளையே தூக்கிப் போடுவாங்களா?

முதல்ல வண்டிய மெயின் ஸ்டாண்டு போட்டு நியூட்ரல்ல பின் வீலைக் கையால சுத்துங்க. ரெண்டு சுத்து கூட சுத்தாம நிக்குதுன்னா பிரேக் புடிச்சிட்டே ஓடுது. டிரம் பிரேக்குல பிரேக் ராடை டைட்டா முறுக்கி வெச்சிட்டு இன்ஜின்ல பவர் இல்லன்னு வர்ற கேஸ் நெறைய. அடுத்து கிளட்ச். டாப் கியர்ல 40ல போயிட்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்குங்க, சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறலன்னா பிளேட் ஸ்லிப் ஆகுது, இல்லன்னா கேபிள்ல கொஞ்சம் கூட ப்ளே இல்லாம இழுத்து வெச்சிருக்காங்க. ஏர் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க, நான் பார்த்த சில வண்டில எலி கூடு கட்டியிருந்துச்சு, அது தனிக்கதை. டேப்பட் கேப்பை, அதாவது வால்வுக்கு மேல விடுற சின்ன இடைவெளியை, இன்ஜின் ஆறினதுக்கப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) வெச்சுப் பாருங்க. டேப்பட் சத்தம் போட்டா எல்லாருக்கும் காது கேட்குது, டைட்டா இருந்தா யாருக்கும் தெரியாது, ஆனா அதுதான் டேஞ்சர். சூடானதும் வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் லீக் ஆகும், காலைல நல்லா ஸ்டார்ட் ஆகுற வண்டி சிக்னல்ல நின்னதும் அணைஞ்சு போகும், அதைப் போயி 'ஐடில் நிக்கல, கார்ப்ரேட்டர்'னு சொல்லிடுவாங்க, அப்படியே ஓட்டிட்டே இருந்தா எக்ஸாஸ்ட் வால்வு கருகிடும்.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் அடுத்த கட்டம். இங்க கஸ்டமர்கிட்ட நான் கேட்குற ஒரே கேள்வி: ஆக்ஸிலேட்டர் எவ்ளோ முறுக்கும்போது கம்ப்ளைன்ட் வருது? "60ல வருது அண்ணே"ன்னுதான் பதில் வரும். ஸ்பீடு முக்கியமில்ல தம்பி, கைப்பிடி எவ்ளோ திரும்பியிருக்குங்கறதுதான் முக்கியம். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பைக் கைப்பிடில ஒட்டி, பக்கத்துல சுவிட்ச் பெட்டில மூடினது, கால்வாசி, பாதி, முக்கால், முழுசுன்னு மார்க் பண்ணிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்க. பழைய ஸ்லைடு டைப் கார்ப்ரேட்டர்ல மூடினதுல இருந்து அரைக்கால் (எட்டுல ஒரு பங்கு) வரைக்கும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பார்த்துக்கும். அரைக்கால்ல இருந்து கால் வரைக்கும் ஸ்லைடோட அடில வெட்டியிருக்குற சாய்வு. கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஊசி. அதுக்கு மேல மெயின் ஜெட். கோடு போட்ட மாதிரி பிரியாது, ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் இருக்கும், ஆனாலும் எங்க தேடணும்னு இது காட்டிக் கொடுத்துடும். ஐடில் நிக்காத வண்டிக்கு மெயின் ஜெட் மாத்துறதும், டாப்ல இழுக்காத வண்டிக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருகிட்டு உக்காந்திருக்குறதும் வெட்டி வேலை.

எங்கன்னு தெரிஞ்சா போதாது, பெட்ரோல் கம்மியா அதிகமான்னும் தெரியணும். அதுக்கு சோக்குதான் காசில்லாத டெஸ்ட். கம்ப்ளைன்ட் வர்ற அந்த இடத்துலயே ஆக்ஸிலேட்டரைப் புடிச்சிக்கிட்டு சோக்கைக் கொஞ்சமா இழுங்க. வண்டி இழுக்க ஆரம்பிச்சா பெட்ரோல் பத்தல, அதாவது லீன். இன்னும் மோசமாகி மூச்சடைச்சா ஏற்கெனவே அதிகமா குடிக்குது, ரிச். ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் டக்குனு இறங்காம தொங்கிட்டே நிக்குறது, விட்டதும் சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குறது, ரெண்டும் லீன் பக்கம்தான் காட்டும். சைலன்சர் ஜாயின்ட்ல கேஸ்கெட் போயிருந்தாலும் அதே வெடி வரும், அதையும் ஒரு கண்ணு பார்த்துக்கோங்க. கருப்புப் புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் அடி வாங்குறது எல்லாம் ரிச்.

ப்ளக் கலர் பார்த்துச் சொல்றதுலயும் ஒரு தப்பு நடக்குது. பட்டறை வாசல்ல பத்து நிமிஷம் ஐடில்ல ஓடின வண்டில ப்ளக்கைக் கழட்டினா எல்லா ப்ளக்கும் கருப்பாத்தான் இருக்கும். மெயின் ஜெட்டைப் பார்க்கணும்னா காலி ரோட்டுல முழு ஆக்ஸிலேட்டர்ல கொஞ்ச தூரம் போயி, கிளட்ச்சையும் புடிச்சு சாவியையும் ஒரே நேரத்துல ஆஃப் பண்ணி ஓரம் கட்டிக் கழட்டிப் பார்க்கணும். பிஸ்கட் கலர் நல்லது, சுண்ணாம்பா வெளுத்திருந்தா லீன், ஈரமில்லாத கரி புடிச்சிருந்தா ரிச், எண்ணெய் பசையோட கருப்பா இருந்தா கார்ப்ரேட்டரை விட்டுட்டு ரிங், வால்வு சீல் பக்கம் போகணும்.

சமீபத்துல ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வந்துச்சு. ஓட்ட ஆரம்பிச்சு கால் மணி நேரம் நல்லா போகும், அப்புறம் இழுவை குறைஞ்சு குறைஞ்சு அணைஞ்சிடும், கொஞ்ச நேரம் நிழல்ல நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகிடும். வேற இடத்துல கார்ப்ரேட்டர் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, ஸ்பார்க்கை நேரம் பார்த்துக் கொடுக்குற சிடிஐ பெட்டி கூட மாத்தியாச்சு. நான் எதையும் கழட்டல, அந்தத் தம்பியைப் பின்னாடி உக்கார வெச்சு அணையுற வரைக்கும் ஓட்டினேன். அணைஞ்ச எடத்துலயே டேங்க் மூடியைத் திறந்தா 'புஸ்'ஸுனு காத்து உள்ள போற சத்தம். மறுபடி மிதிச்சதும் ஸ்டார்ட். மூடி புதுசு, கடைல வாங்கின டூப்ளிகேட், அதுல காத்து போற ஓட்டை அடைச்சிருந்துச்சு. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குள்ள வெற்றிடம் ஆகி அதுக்கு மேல பெட்ரோல் இறங்கல, நிறுத்தி வெச்சா மெதுவா கசிஞ்சு மறுபடி சரியாகிடுது. அவ்ளோதான் வியாதி, அந்தப் பையன் அதுவரைக்கும் செலவழிச்ச காசைக் கேட்டப்ப எனக்கே வயிறு எரிஞ்சுச்சு.

இந்த மாதிரி சூடானதும் அணையுற வண்டிக்கு அணைஞ்ச எடத்துல வெச்சுப் பார்க்குறதுதான் ஒரே வழி, பட்டறைக்குத் தள்ளிட்டு வந்தா ஆறிடும், எல்லாம் நல்லா இருக்கும். மூடியைத் திறந்து பாருங்க. அதுல இல்லன்னா கார்ப்ரேட்டர் கப்புக்கு அடில இருக்குற டிரெயின் ஸ்க்ரூவை லேசா லூஸ் பண்ணுங்க, இன்ஜின் சூட்டுல பெட்ரோல் சிந்தாம கீழ ஒரு பாட்டிலை வெச்சுப் புடிங்க. பெட்ரோல் வரலன்னா பெட்ரோல் டேப், ஃபில்டர், பைப் இதுல பாருங்க. பெட்ரோல் வந்தா ஸ்க்ரூவை மூடி, சிந்தினதைத் துடைச்சிட்டு, பாட்டிலைத் தூரமா வெச்சதுக்கப்புறம் ப்ளக்ல ஸ்பார்க் பாருங்க, காயிலோ பிக்கப் காயிலோ சூட்டுல வேலை நிறுத்தம் பண்ணியிருக்கலாம். ஓடும்போதே ஒரு குறிப்பு கிடைக்கும்: டக்குனு வெட்டி டக்குனு வந்தா கரண்ட் பக்கம், மெல்ல மெல்லக் குறைஞ்சு அணைஞ்சா பெட்ரோல் பக்கம். எப்பவும் சரியா இருக்கும்னு சொல்ல மாட்டேன், பெரும்பாலும் இருக்கும்.

பழைய பல்சர் மாதிரி சிவி டைப் கார்ப்ரேட்டர் இருக்குற வண்டில கதையே வேற. அதுல நீங்க முறுக்குறது காத்து வழில இருக்குற பட்டர்ஃப்ளைங்கற தட்டை மட்டும்தான், ஸ்லைடை மேல தூக்குறது இன்ஜின் உறிஞ்சுற வேக்கம். மேல் மூடிக்குள்ள இருக்குற ரப்பர் டயாஃப்ரம்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு முழுசா ஏறாது, வண்டி ஒரு வேகத்துக்கு மேல எவ்ளோ முறுக்கினாலும் போகாது, ஐடில் மட்டும் அழகா நிக்கும். மெயின் ஜெட்டை மாத்தி மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. டயாஃப்ரத்தைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு மெதுவா விரிச்சுப் பாருங்க, மடிப்புக்குள்ளதான் கிழிஞ்சிருக்கும். திரும்ப மாட்டும்போது ஓரம் பள்ளத்துல சரியா உக்காரலன்னா அதே கம்ப்ளைன்ட் திரும்ப வரும்.

ஆர்எக்ஸ்100 வெச்சிருக்குறவங்களுக்குத் தனியா சொல்லணும். அந்த வண்டி 1996லயே நின்னு போச்சு, இப்ப ரோட்டுல ஓடுறது எல்லாம் பல கை பட்டது. மிக்குனி கார்ப்ரேட்டர்ல சோக்கு பிளஞ்சருக்கு அடில ஒரு சின்ன ரப்பர் இருக்கும், அது தேஞ்சா சோக்கு மூடியிருந்தாலும் பெட்ரோல் கசிஞ்சுட்டே இருக்கும், என்ன ட்யூன் பண்ணாலும் ப்ளக் கருப்பு போகாது. மேக்னட் பக்க ஆயில் சீல் போனா வெளிக்காத்து உள்ள இழுத்து லீன் ஆகும், கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளையா புகை விடும். இழுவை குறைஞ்சிருந்தா சைலன்சர்ல கரி அடைச்சிருக்கான்னும் பாருங்க. சத்தத்துக்காக சைலன்சரை மாத்தி, ஃபில்டரையும் எடுத்துட்டு, ஜெட்டை மட்டும் பழசே விட்டுட்டு ஓட்டுறவங்களுக்கு: டூ ஸ்ட்ரோக்ல லீன்னா இழுவை மட்டும் போகாது, பிஸ்டனே புடிச்சிக்கும், அதுவும் ஹைவேல முழு வேகத்துல.

இன்ஜினுக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவுல இருக்குற இன்சுலேட்டர், ஓ-ரிங், ரப்பர் மேனிஃபோல்டு, இதுல காத்து லீக்கான்னு பார்க்க சில பேரு ஓடுற இன்ஜின்ல பெட்ரோலைத் தெளிக்குறாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி போதும், லீக் இருக்குற எடத்துல பட்டதும் ஐடில் சத்தம் மாறும்.

சர்வீஸ்னு சொல்லி ஜெட்டுக்குள்ள கம்பி விட்டுக் குத்துறதைப் பார்த்தா அங்கயே தடுத்துடுங்க. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி பட்டா ஓட்டை பெருசாகும், அப்புறம் நம்பர் என்ன போட்டிருந்தாலும் அந்த சைஸ் கிடையாது. கிளீனர்ல ஊற வெச்சு காத்தடிச்சா போதும். கழட்டுறதுக்கு முன்னாடி ஏர் ஸ்க்ரூவை உள்ள திருகி எத்தனை சுத்துன்னு எழுதி வெச்சுக்கணும், அடில முட்டினதும் நிறுத்திடணும், பலமா திருகினா முனை போயிடும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்தைக் கட்டுப்படுத்துது, உள்ள திருகினா ரிச். இன்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோல், உள்ள திருகினா லீன். இது தெரியாம நேர் எதிரா ட்யூன் பண்ணிட்டு வர்ற வண்டி வாரா வாரம் பார்க்குறேன்.

ஊட்டிக்குப் போறப்ப வண்டி இழுக்கலன்னு போன் பண்றவங்களும் உண்டு. அது 2,200 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி கம்மி, கீழ சரியா இருக்குற ஜெட் அங்க ரிச்சா ஆகும், இறங்கினா தானா சரியாகிடும், மேல வெச்சு யாரும் எதையும் திருகாதீங்க.

இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வேற. சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும்னா இ20க்கு 13.5 பக்கம் போதும், அதனால பழைய ஜெட்லயே ஓடுற வண்டி கொஞ்சம் லீனா ஆகும், இன்ஜெக்ஷன் மாதிரி தானா சரி பண்ணிக்க கார்ப்ரேட்டருக்குத் தெரியாது. ஏற்கெனவே லீன் ஓரத்துல இருந்த வண்டிக்கு ஊசி கிளிப்பை ஒரு காடி கீழ இறக்கிப் போட்டா நடு ரேஞ்சுல இழுவை திரும்பி வரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். ஒரு மாசம் ஓட்டாம வைக்கப் போறீங்கன்னா பெட்ரோல் டேப்பை மூடி, கப்புல இருக்குறதை டிரெயின் ஸ்க்ரூ வழியா இறக்கிட்டு வைங்க, அந்த ஸ்க்ரூவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ரெண்டு நிமிஷமும் போதும்.