கட்டற்றது, ஆனால் இலவசமில்லை: ரெட் ஹேட் எதை விற்கிறது?

ரெட் ஹேட் நிறுவனம் விற்கும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஓடும் சர்வரில் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரல்) எது என்று கேட்டுப் பாருங்கள். '4.18.0-553.el8_10' என்பதுபோல ஏதாவது பதில் வரும். கெர்னல் 4.18 வெளிவந்தது 2018 ஆகஸ்டில். இவ்வளவு பழசா என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பதறுவார். உண்மையில் அந்த எண்ணை நகராமல் வைத்திருப்பதற்குத்தான் ரெட் ஹேட் காசு வாங்குகிறது.

யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளான லினக்ஸை விற்கலாமா? தாராளமாக. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள்; நமக்குக் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் தன் ஈமேக்ஸ் என்ற எழுதித் திருத்தும் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். லினக்ஸ் கெர்னலுக்கான ஜி.பி.எல். உரிமம் விலை வைப்பதைத் தடுப்பதில்லை. மென்பொருளை யாருக்குக் கொடுக்கிறீர்களோ, அவருக்கு மூலநிரலும் (சோர்ஸ் கோடு) கிடைக்க வேண்டும் என்கிறது. இந்த 'யாருக்கு' பின்னால் பெரிய சண்டையாகும்.

1993-இல் தொடங்கிய ரெட் ஹேட், முதலில் அட்டைப்பெட்டியில் சி.டி. போட்டுக் கடைகளில் விற்றது. ஒரு பெட்டி வாங்கி ஆபீஸ் முழுக்க இன்ஸ்டால் செய்தாலும் உரிமப்படி தப்பில்லை. இதில் எவ்வளவு நாள் பிழைக்க முடியும்? 2002-இல் நிறுவனங்களுக்கென்று தனிப் பதிப்பையும் ஆண்டுச் சந்தாவையும் கொண்டுவந்தார்கள். வேகமாக மாறும் பரிசோதனைகளுக்கு 2003-இல் ஃபெடோரா என்ற இலவசப் பதிப்பு பிறந்தது.

சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு வங்கி தன் மென்பொருளைக் குறிப்பிட்ட பதிப்பில் மாதக்கணக்கில் சோதித்து ஓடவிட்டிருக்கும். அடியில் இருப்பது மாறினால் மேலே எது உடையும் என்று தெரியாது. கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், கெர்னலை உருவாக்குபவர்கள் அதை இன்றைய நிரலில்தான் முதலில் அடைப்பார்கள். ரெட் ஹேட் பொறியாளர்கள் அந்தத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய நிரலில் ஒட்டுப் போடுகிறார்கள். இதற்குப் பேக்போர்ட்டிங் என்று பெயர். பத்து வருடத்துக்கு முந்தைய சட்டைக்குத் தையல் தெரியாமல் ஒட்டுப் போடுவது மாதிரி. புதுச்சட்டை தைப்பதே சுலபம். அதனால்தான் 4.18.0 அப்படியே நிற்க, கோடுக்குப் பின்னால் வரும் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. முன்பாதி எண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்பு ஸ்கேனர்கள், அடைத்த ஓட்டைக்கும் அலாரம் அடித்து உயிரை வாங்கும்.

விநியோகம் எளிது. சந்தாவில் பதிவுசெய்த கணினிக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் கிடைக்கும். அப்டேட் கேட்கும்போது அதைக் காட்டினால்தான் ரெட் ஹேட் சர்வர் கதவைத் திறக்கும். வரும் ஒவ்வொரு மென்பொருள் பொட்டலத்திலும் டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்படும். சந்தா முடிந்தால் சர்வர் நின்றுவிடாது. புது ஒட்டுகள் வராது, அவ்வளவுதான்.

மூலநிரல் வெளியில் கிடைத்ததால், சின்னங்களை நீக்கிவிட்டு அதே லினக்ஸை சென்ட்ஓஎஸ் என்ற திட்டம் காசில்லாமல் தந்துவந்தது. 2014-இல் ரெட் ஹேட் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2021 கடைசியில் சென்ட்ஓஎஸ் 8-ஐ நிறுத்தியது. அந்த இடத்துக்கு ராக்கி, ஆல்மா என்ற இரண்டு இலவச லினக்ஸ்கள் வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹேட் அந்த 'யாருக்கு' என்ற சொல்லைக் கையிலெடுத்தது: வெளியீடுகளின் மூலநிரல் இனி வாடிக்கையாளருக்கு மட்டும். சட்டத்தில் இடமிருக்கலாம், ஊரார் எழுதிய நிரலை வைத்து வளர்ந்த நிறுவனம் செய்ததால்தான் பலருக்குக் கசந்தது.

அச்சு அசல் நகல் என்ற இலக்கை ஆல்மா கைவிட்டது. ராக்கி வேறு வழி கண்டது: கிளவுடில் ரெட் ஹேட் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் நீங்களும் வாடிக்கையாளர். மூலநிரலை இறக்கிக்கொண்டு சர்வரை அணைத்துவிடலாம்.