டர்போசார்ஜர்: சொல்லும் அதன் தமிழும்

'சார்ஜர்' என்றதும் நமக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வரும். அதனால் டர்போசார்ஜரை 'மின்னேற்றி' என்று தமிழாக்கிவிடும் பிழை எளிதில் நேர்கிறது. வண்டி எஞ்சினோடு பொருத்தப்படும் இந்தக் கருவி ஏற்றுவது மின்சாரத்தை அல்ல, காற்றை.

'சார்ஜ்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்'. வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. பீரங்கியில் மருந்து திணிப்பது, மின்கலத்தை நிரப்புவது எல்லாம் அதன் கிளைகள்தாம். எஞ்சினைப் பொறுத்தவரை, சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் புகும் காற்றின் நிறைவே 'சார்ஜ்'. அதை அமுக்கி, இயல்பாகப் புகுவதைவிடக் கூடுதலாகத் திணிப்பது சூப்பர்சார்ஜர்.

'டர்போ' என்பதும் லத்தீன்தான். சுழற்காற்று, பம்பரம் என்ற இரண்டும் அதன் பொருள். இதிலிருந்துதான் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் புர்தான் 1822இல் 'டர்பைன்' என்ற சொல்லை உருவாக்கினார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் டர்பைனை ஓட்டி, அதன் தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கும் எண்ணத்துக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். ஆங்கிலத்தில் முதலில் இதை 'டர்போசூப்பர்சார்ஜர்' என்று நீட்டி முழக்கினார்கள். பிறகு நடுவில் இருந்த 'சூப்பர்' உதிர்ந்துபோனது. கார்களில் இது விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கோர்வேர் மாடல்களில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? டர்பைனுக்குச் 'சுழலி' நன்றாகப் பொருந்துகிறது. சார்ஜருக்கு 'ஊட்டி' என்பதே என் தேர்வு. 'சுழலூட்டி' என்று சுருக்கினால் சுழற்சியை ஊட்டுவது என்று பொருள் மாறிவிடும். வெறும் 'காற்றூட்டி' என்றால் மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் குமிழி விடும் கருவியை நினைப்பார்கள். 'சுழலிக் காற்றூட்டி' கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. பட்டறையில் 'டர்போ' என்றே சொல்லிக்கொள்ளலாம், அதை மாற்ற யாராலும் ஆகாது.

இந்தக் கருவியோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் 'லூப்ரிகேஷன்', அதாவது உரசும் பாகங்களுக்கு எண்ணெயிடுவது. 'மசகு' என்பது பரவலான சொல். ஆனால் இலங்கைத் தமிழில் 'மசகு எண்ணெய்' என்றால் கச்சா எண்ணெய். எனவே 'உயவு' என்பதே எங்கும் பிறழாமல் நிற்கும். பழந்தமிழில் உயவுக்கு வருத்தம் என்றும் பொருள் உண்டு. உயவு குறைந்த டர்போவைப் பார்த்தால் அந்தப் பொருளும் ஒத்துத்தான் போகிறது.

ஏனென்றால் கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது, சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலானவற்றில் தண்டு உலோகத் தாங்கியின் (பேரிங்) மேல் நேராக உட்காருவதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடி அறுந்தாலும் உலோகமும் உலோகமும் உரசும்.

'ப்ளே' என்று மெக்கானிக்குகள் சொல்வதற்குத் தமிழில் 'ஆட்டம்' இருக்கவே இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு காற்று வரும் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு முனையை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் சற்று ஆடினால் பயப்பட வேண்டாம். எண்ணெய்ப் படலத்துக்காக விட்ட இடைவெளி அது, எஞ்சின் நின்றபின் எண்ணெய் அழுத்தமும் இராது. தண்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆடுவதுதான் கெட்ட அறிகுறி, அந்தத் திசையில் அனுமதிக்கப்படும் ஆட்டம் மிகக் குறைவு. சரியான அளவை, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, தயாரிப்பாளர் தந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். சக்கரத்தின் இதழ் நுனி உறையில் உரசிய தடம் தெரிந்தால் அளவே தேவையில்லை, தாங்கி தேய்ந்துவிட்டது. வண்டி வேகமெடுக்கும்போது சைரன் போன்ற ஊளைச் சத்தம் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். வெறும் 'உஸ்' சத்தத்தோடு இழுவை குறைந்தால் முதலில் ரப்பர் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய டர்போவே காரணத்தையும் சொல்லிவிடும். தாங்கியில் ஆழமான கீறல்கள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. காற்றுப் பக்கச் சக்கரம் கொத்துப்பட்டிருந்தால் வடிகட்டி வழியே ஏதோ நுழைந்திருக்கிறது.

எண்ணெய் போதாமைக்கு அடிக்கடி காரணமாவது கரிப்படிவு. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு உடனே எஞ்சினை அணைத்தால், சூடான தாங்கிக் கூட்டில் தேங்கிய எண்ணெய் தீய்ந்து கரியாகிறது. அது எண்ணெய் வரும் மெல்லிய குழாயைச் சிறிது சிறிதாக அடைக்கும். தண்ணீர்க் குளிர்விப்பு உள்ள டர்போவில் இந்தத் தொல்லை குறைவு. எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போட்டாலும் இதே கதி.

அப்புறம் எண்ணெய் எரிவதால் வரும் நீலப் புகை. அது வந்தாலே 'டர்போ போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுவது நியாயமில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்தாலும் வால்வு சீல் கெட்டாலும் அதே புகைதான். உள்ளிழுக்கும் குழாயில் லேசான எண்ணெய்ப் பசையும் இயல்பு, எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக் குழாய் வழியே வருவது அது. டர்போவின் இரு முனையிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் வளையம் போன்ற உலோக வளையங்கள். உள்ளே நுழைந்த எண்ணெய் கீழே தானாக வழிந்து வடிந்தால்தான் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியும். வடிகுழாய் மடங்கியோ சேறு அடைத்தோ இருந்தாலும், மூச்சுக் குழாய் அடைத்து எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலும், நல்ல டர்போவும் எண்ணெய் கக்கும். அதைக் கவனிக்காமல் புதியது மாட்டினால் புதியதும் கக்கும்.

ஆகவே டர்போவை மாற்றும்போது எண்ணெய் வரும் குழாயையும் மாற்றுவதும், வடிகுழாயைக் கழுவுவதும், எண்ணெயையும் வடிகட்டியையும் புதிதாக்குவதும் வேலையின் பகுதியே. எண்ணெய்த் துளை உள்ள இணைப்பில், கசிவை அடைக்கப் பூசும் பசையான திரவக் கேஸ்கெட் பூசக்கூடாது, பிதுங்கிய பசை துளையை மூடிவிடும். எஞ்சினைக் கிளப்புமுன் டர்போவின் எண்ணெய் வாயில் சிறிது புதிய எண்ணெய் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். கிளப்பியதும் முடுக்காமல் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட வேண்டும்.