வினவல்வழிக் கற்றல்

ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளில் 'விசாரணை அடிப்படையிலான கற்றல்' என்ற தொடர் அடிக்கடி தட்டுப்படுகிறது. 'இன்குயரி பேஸ்டு லேர்னிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 'உங்கள் பையனிடம் விசாரணை நடக்கிறது' என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தால் எந்தப் பெற்றோருக்கு வயிறு கலங்காது?

முறை என்னவோ எளிமையானதுதான். விடையை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவதில்லை. மாணவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சான்று திரட்டி, தங்களுக்குள் வாதாடி, ஒரு முடிவுக்கு வந்து, அதை மற்றவர்கள் ஏற்கும்படி எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர், 'தேடு' என்னும் பொருளுடைய 'குவேரரே' என்ற லத்தீன் வினைச்சொல். 'கொஸ்டின்', 'குவெஸ்ட்' இரண்டும் அதிலிருந்து வந்தவையே. கேட்பதும் தேடுவதும் அங்கே ஒரே வேரில் நிற்கின்றன. வகுப்பறைக்குள் இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி. அறிவியலைச் சமைத்து முடித்த சரக்காகக் கொடுக்கிறார்கள், சிந்திக்கும் முறையாகக் கற்பிப்பதில்லை என்று 1910இலேயே அவர் குறைபட்டார். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா தன் அறிவியல் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத வேகம் காட்டியது. அந்த அலையில் கல்வியாளர் ஜோசப் ஷ்வாப் இந்த முறைக்காக உரக்கக் குரல் கொடுத்தார். இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கற்பித்தல் இப்படி அமைய வேண்டும் என்கிறது.

இனி இந்த முறைக்கு ஏற்ற தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'விசாரணை' வடசொல். அதன் உறவான 'விசாரம்' ஆழ்ந்து ஆராய்தலைக் குறித்தது. 'நான் யார்' என்று தன்னையே கேட்டுக்கொள்வதை ரமணர் ஆன்ம விசாரம் என்றார். 'அம்மாவை விசாரித்ததாகச் சொல்' என்கிறபோது அன்பும் இருக்கிறது. ஆனால் 'விசாரணை' என்ற பெயர்வடிவத்தைக் காவல் துறையும் கமிஷன்களும் எடுத்துக்கொண்டுவிட்டன, மீட்பது கடினம். 'ஆய்வு' என்றால் முனைவர் பட்டம் நினைவுக்கு வரும், அல்லது அதிகாரியின் திடீர் வருகை.

கேட்டு ஆராய்தலைக் குறிக்கும் 'உசாவல்' எனக்குப் பிடித்த சொல். 'உசாவே சூழ்ச்சி' என்கிறது தொல்காப்பியம். அன்றைக்குச் சூழ்ச்சி என்றால் கலந்து ஆராய்தல். பாவம், அதுவும் பிறகு சதியாகிவிட்டது. இலங்கைத் தமிழர் நூலின் முடிவில் துணைநின்ற நூல்களை 'உசாத்துணை' என்று பட்டியலிடுவதால் அங்கே இந்த வேர் உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் விழிக்கும்.

மிஞ்சுவது 'வினவு'. 'வினா' என்ற பெயர்ச்சொல்லை வினாத்தாளும் வினா வங்கியும் கெடுத்திருக்கலாம், வினைச்சொல் கெடவில்லை. நன்னூல் மாணவனின் கடமைகளை அடுக்கும்போது 'வினாதல் வினாயவை விடுத்தல்' என்று கேட்பதையும் விடை சொல்வதையும் சேர்த்தே சொல்கிறது. இன்னொரு நூற்பாவில் அது வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. தெரியாதவர் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. நம் வகுப்பறையில் நாள் முழுக்க ஒலிப்பது ஆசிரியரின் அறிவினா. அந்த இடத்தில் மாணவரின் அறியா வினாவும் ஐயவினாவும் பாடத்தை நடத்தினால் அதுதான் இந்த முறை. மேலைநாட்டுக் கல்வியியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் பத்தாம் வகுப்பு இலக்கணப் பகுதியை வைத்தே விளக்கிவிடலாம்.

பச்சைப்பயறு முளைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'முளைக்க நீர், காற்று, வெப்பம் வேண்டும்' என்று எழுதிப்போட்டுவிட்டுச் சோதனை செய்தால் அது சரிபார்ப்பு. 'வெளிச்சம் வேண்டுமா?' என்று ஒரு பிள்ளை கேட்டு, ஒரு கிண்ணத்தை அலமாரிக்குள்ளும் ஒன்றைச் சன்னல் ஓரத்திலும் வைத்தால் கதை மாறுகிறது. இரண்டும் முளைக்கும். சில நாளில் அலமாரிக்குள் இருந்தது நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். 'இருட்டுதான் செடிக்கு நல்லது' என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். அந்த நேரத்தில் ஆசிரியர் சும்மா இருந்தால் போச்சு. 'நிறத்தைப் பாருங்கள், தண்டைத் தொட்டுப் பாருங்கள், இன்னும் ஒரு வாரம் விடுவோமா?' என்று அவர் கேட்க வேண்டும். வெளுத்த தண்டு சாயும்போது வளர்ச்சி வேறு, நலம் வேறு என்பது பிடிபடும்.

இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள் என்று மேடைதோறும் பேசப்படும் நுணுகிச் சிந்தித்தல், கூடி வேலை செய்தல், எடுத்துச் சொல்லுதல் எல்லாம் அந்த இரண்டு கிண்ணங்களைச் சுற்றியே நடந்துவிடுகின்றன. தனி வகுப்பு எதற்கு?

மறுப்பும் உண்டு. வழிகாட்டுதல் குறைந்தால் புதிதாகக் கற்பவர்கள் திணறுவார்கள் என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதே இந்த முறை என்று நினைப்பவர்களுக்கு அது சரியான அடி. நல்ல ஆசிரியர் அப்படி விடுவதில்லை.

தொடரின் பின்பாதிக்கும் ஒரு சொல். 'அடிப்படையிலான' என்பது ஆங்கில 'பேஸ்டு'க்குக் கட்டிய வால். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' வந்தபோது 'வழி' என்ற இரண்டெழுத்து அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆகவே வினவல்வழிக் கற்றல். பேச்சில் 'வினவிக் கற்றல்' இன்னும் இலகு.

நம் நாட்டில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்). 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்தது. அங்கே 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கியிருந்தார்கள். இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி. மனதில் தோன்றியதையெல்லாம் பிள்ளைகள் அவருக்குக் கடிதமாக எழுதிப்போட்டார்கள், பதிலும் வந்தது. தேர்வு மண்டபத்துக்குள் புத்தகத்தைக் கொண்டுபோகவும் அவர்களுக்கு அனுமதி இருந்தது.