கன்சல்டன்ட் வேலையில் கையெழுத்துப் போடும் முன்

எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்தால் போதும், மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் வாட்ஸாப்பில் ஒரே மாதிரி விளம்பரங்கள் சுற்றும். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். "பிசினஸ் கன்சல்டன்ட் தேவை. அனுபவம் வேண்டாம். மாதம் 3,000 முதல் 8,000 வெள்ளி வரை சம்பாதிக்கலாம்." நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், பெற்றோர் இதை எனக்கு அனுப்பி "நம்பலாமா?" என்று கேட்கிறார்கள்.

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைக்குப் பெரும்பாலும் பட்டதாரிகளைத்தான் தேடுகிறார்கள். இன்று பேசி நாளைக்கே வரச் சொல்லும் இந்த விளம்பரங்களில் இருப்பது விற்பனை வேலை. விற்பனை ஒன்றும் மட்டமில்லை. நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் நிறைய பேர். சம்பளம் எந்த வழியில் வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு தம்பி கொண்டுவந்த கடிதத்தைச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் காலை 9 மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், கம்பெனிச் சட்டை போட வேண்டும், லீவுக்கு அனுமதி வாங்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் 'நீங்கள் சுயேச்சை முகவர். அடிப்படைச் சம்பளம், இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கிடையாது'. வேலை வாங்கும்போது தொழிலாளி, காசு கொடுக்கும்போது முகவர்! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரியில் சேர்ந்த 101சி பிரிவு இதைத்தான் பார்க்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை முறையையோ நேரத்தையோ இன்னொருவர் கட்டுப்படுத்தினால், மாறாக நிரூபிக்கும் வரை வேலை செய்பவர் தொழிலாளி என்றே கொள்ளப்படும்.

தொழிலாளி என்றால் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து சின்ன முதலாளிகளுக்கும் அது 1,700 வெள்ளி. கமிஷன் மட்டுமே வாங்குகிறவருக்கும் மாதச் சம்பளம் அதற்குக் கீழே போகக் கூடாது. செம்பனைக் குலை வெட்டி டன் கணக்கில் கூலி வாங்கும் நம் அப்பாக்களையும் கமிஷன்காரரையும் குறைந்தபட்சச் சம்பள ஆணை ஒரே விதியில்தான் வைத்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

முகவராகவே போகிறீர்களா, சரி, போங்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தண்ணீர் வடிகட்டிக்கு 80 வெள்ளி கமிஷன், மாதம் 15 விற்றால் 1,200. பெட்ரோல், போன், வெளிச்சாப்பாடு 400 போனால் மிச்சம் 800. கமிஷன் ஆர்டர் எடுத்ததும் வருமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? அவர் ரத்து செய்தால் திருப்பிப் பிடிப்பார்களா? வேலையை விட்டால் பாக்கி என்னாகும்? பதில் எழுத்தில் வேண்டும். ஆள் சேர்த்தால்தான் காசு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது பிரமிட் திட்டம், நேரடி விற்பனைச் சட்டப்படி குற்றம். "பயிற்சிக் கட்டணம்" கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், கம்பெனி கட்டுப்படுத்தியதற்குச் சாட்சியாக அதன் வாட்ஸாப் உத்தரவுகளை அழிக்காமல் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோங்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நம் பிள்ளைகளுக்கு ஏற்ற விற்பனை வேலை பக்கத்திலேயே இருக்கிறது. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கிய தென்னமரம் இந்த வட்டாரம்தான். தோட்டங்களுக்கு உரம், களைக்கொல்லி, இயந்திரம் விற்கும் கம்பெனிகள் அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷனும் கொடுத்து ஆள் எடுப்பதுண்டு. செம்பனையின் மூத்த மட்டைகள் ஆரஞ்சு மஞ்சளாக மாறினால் மெக்னீசியம் குறைவு என்று சந்தேகப்படத் தெரிந்தவன், மண்டோரிடம் (கங்காணியிடம்) தமிழிலும் மானேஜரிடம் மலாயிலும் பேசத் தெரிந்தவன், ஷா ஆலமில் இருந்து வரும் பட்டதாரியைவிட அங்கே சீக்கிரம் காலூன்றிவிடுவான். அப்புறம், இந்த வேலைக்குக் கார் லைசென்ஸ் கேட்பார்கள். அது இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். வேலைக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதை எடுத்துவிடுங்கள், தம்பி.