சிட்டையை ஒரு தடவை எழுதினால் போதும்

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு ஜாவா என்ற நிரல் மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நெல் வந்து இறங்கியதும் நிறை பார்ப்பது, ஈரலிப்புக்குக் கழிப்பது, விலை போடுவது, சிட்டை அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெதட், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டு. விவசாயியின் பெயர், நெல்லினம், ஈரலிப்பு, அன்றைய கிலோ விலை, இந்த நான்கையும் எல்லா மெதட்டுக்கும் அடைப்புக்குறிக்குள் பராமீட்டர்களாகக் கொடுத்துக்கொண்டே போனேன். விலை போடும் மெதட்டுக்கு விவசாயியின் பெயர் எதற்கு? அடுத்ததற்குக் கடத்துவதற்காக மட்டும் அதையும் வாங்கிச் சுமந்தது.

பெரும்போக அறுவடை நேரம், சாக்கு நிறையையும் கழிக்க வேண்டும் என்றார்கள். கூடுதலாக ஒரே ஓர் எண். அதற்காக எல்லா மெதட்டையும், அவற்றை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்தினேன். ஓரிடத்தில் ஈரலிப்பும் சாக்கு நிறையும் இடம் மாறிவிட்டன. இரண்டும் தசம எண்கள் என்பதால், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மூச்சே விடவில்லை.

ஆலைக்காரர்கள் இப்படி வாய்க்கு வாய் கடத்துவதில்லை. வாசலில் ஒரு சிட்டை எழுதி மூடைகளோடு விடுவார்கள். யாருக்கு எது வேண்டுமோ அவர் அதைப் பார்த்துக்கொள்வார். விவரங்களையும் மெதட்டுகளையும் ஒன்றாக வைக்கும் அச்சான கிளாஸ் செய்வதும் இதே வேலைதான். 'கொள்முதல்' என்று ஒரு கிளாஸ் வைத்து, விவரங்களை, உருவாக்கும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தடவை வாங்கி, ஃபீல்டுகள் என்ற உள் மாறிகளில் போட்டுவிட்டால், உள்ளே உள்ள மெதட்டுகள் தேவையானதை எடுத்துக்கொள்ளும். தரவையும் அதைக் கையாளும் செயலையும் இப்படிச் சேர்த்துக் கட்டும் வழக்கம், 1960களில் நோர்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியில் தொடங்கியது.

சரி, பராமீட்டர் எங்கே போனது? முழுக்கப் போய்விடவில்லை. கிளாஸிலிருந்து உருவாக்கிய ஒப்ஜெக்ட்டின் மெதட்டை அழைக்கும்போதெல்லாம், அந்த ஒப்ஜெக்ட்டைச் சுட்டும் குறிப்பை ஜாவா 'திஸ்' என்ற பெயரில் மறைவாக அனுப்புகிறது. பைதன் மொழியில் அதையே 'செல்ஃப்' என்று முதல் பராமீட்டராக நாமே எழுதுகிறோம். ஐந்து போன இடத்தில் ஒன்று போகிறது.

ஆனால் இதிலும் ஒரு பிழை விட்டேன். ஒரே ஒப்ஜெக்ட்டை நாள் முழுக்க வைத்துக்கொண்டு, ஆள் மாறும்போது ஃபீல்டுகளை மட்டும் மாற்றினேன். ஈரலிப்பை மாற்றும் வரி ஓரிடத்தில் விடுபட்டுப்போக, முன்னால் வந்தவரின் ஈர நெல்லுக்கான கழிவு, பின்னால் வந்தவரின் நன்கு காய்ந்த நெல்லிலும் விழுந்தது. மாதக் கணக்கில் வயலில் பாடுபட்ட மனிதருக்குக் காசு குறைந்தது. கணக்கைத் திருத்திக் கொடுத்தோம், ஆனாலும் அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது கொள்முதல் ஒவ்வொன்றுக்கும் புது ஒப்ஜெக்ட். ஃபீல்டுகள் எல்லாம் 'ஃபைனல்', ஒரு தடவை போட்டால் மாற்ற முடியாது. தராசில் விழும் நிறையை மட்டும் இன்னும் பராமீட்டராகவே கொடுக்கிறேன். அது மூடைக்கு மூடை மாறுகிறது.