இடைவிடாத சிறுநீர்க் கசிவு: மருத்துவக் குறிப்பில் விடுபடக் கூடாதவை

அமெரிக்க மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பதிவுகளுக்குக் குறியீடு இடும்போது, "சிறுநீர் கட்டுப்பாடின்மை" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும் குறிப்புகளை அடிக்கடி காண்கிறேன். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு, வகை குறிப்பிடப்படாதது எனப் பொருள்படும் ஆர்32 என்ற குறியீட்டைத்தான் ஒரு கோடரால், அதாவது குறியீடு இடுபவரால், இட முடியும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்போ, இருமினாலும் தும்மினாலும் கசிவதற்கு என்39.3, அடக்க முடியாத உந்துதலோடு கசிவதற்கு என்39.41, இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் என்39.46, இடைவிடாமல் கசிவதற்கு என்39.45 என்று தனித்தனியே பிரித்துத் தந்திருக்கிறது.

இவற்றுள் என்39.45 மீது எனக்குத் தனிக் கவனம் உண்டு. இரவு பகல் பாராமல், இருமலோ உந்துதலோ இல்லாமல் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால், அது சிறுநீரை அடக்கும் தசையைத் தாண்டி வேறு வழியில் வெளியேறுகிறதா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கிறது. கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தொடங்கும் கசிவு, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஃபிஸ்டுலா என்னும் இயல்புக்கு மாறான திறப்பு உருவாகியிருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகும் ஒரு நாள்கூட உலர்ந்திராத, ஆனால் வழக்கம்போல் சிறுநீரும் கழிக்கிற பெண் குழந்தைக்கு, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறந்திருக்கலாம். "சிறுநீர் கழிக்கிறாரா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்ற விடை கிடைத்ததும் விசாரணையை நிறுத்திவிட்டால், இக்குழந்தையின் நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கும்.

"எப்போதும் ஈரமாகவே இருக்கிறது" என்று நோயாளி சொல்வதை அப்படியே எழுதுவது நல்ல தொடக்கம்தான்; ஆனால் அது போதாது. சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழிபவரும் அதையேதான் சொல்வார். அவருக்குரியது என்39.490, சிகிச்சையும் வேறு. எனவே கழித்த பின் சிறுநீர்ப்பையில் எஞ்சும் அளவு, கசிவு தொடங்கிய காலம், அதற்கு முன் நடந்த அறுவைச் சிகிச்சை, பிரசவம், கதிரியக்கச் சிகிச்சை, உறக்கத்திலும் கசிகிறதா என்பது ஆகியவை குறிப்பில் இருந்தாக வேண்டும். அறிவாற்றல் குறைவாலோ நடமாட முடியாமையாலோ கழிப்பறைக்குச் செல்ல இயலாதவரின் நிலை இதுவல்ல, அது ஆர்39.81.

வெளிநோயாளர் பதிவில் "ஃபிஸ்டுலாவாக இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதியிருந்தால், அந்த ஐயத்துக்குக் குறியீடு இட விதி அனுமதிப்பதில்லை. அவர் இடைவிடாத கசிவு என்று பதிவு செய்திருந்தால் என்39.45 மட்டுமே வரும். பரிசோதனையில் உறுதியான பிறகு, சிறுநீர்ப்பை-யோனி ஃபிஸ்டுலாவுக்குரிய என்82.0 முதன்மையாகிறது, கசிவு அந்நோயின் இயல்பான அறிகுறியாகிவிடுவதால், பொதுவாக அதைத் தனியே குறிப்பதில்லை. முந்தைய வருகையின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தால், உறுதியான நோயும் மாதக்கணக்கில் "ஐயம்" என்றே நீடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அடுத்து நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் படிக்கப்போவதும் அந்தக் குறிப்பைத்தானே?

குறிப்பு தெளிவாக இல்லையென்றால் கோடர் ஊகிக்காமல் மருத்துவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். "இது இடைவிடாத கசிவுதானே?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்பது முறையன்று. பதிவிலுள்ள விவரங்களை எடுத்துக்காட்டி, பொருத்தமான வகைகளோடு "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்னும் தெரிவுகளையும் சேர்த்து, முடிவை அவரிடமே விட வேண்டும்.

பெரும்பாலும் விடுபடுவது தோலின் நிலை. நாள் முழுதும் ஈரத்தில் இருக்கும் தோல் சிவந்து புண்ணாகும். சிறுநீராலோ மலத்தாலோ வரும் இந்த அழற்சிக்கு 2020 அக்டோபர் முதல் எல்24.ஏ2 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. புண்ணைக் கழுவி மருந்திடும் செவிலியரின் தாளில் அது இடம்பெற்றாலும், மருத்துவர் அதை நோயாகப் பதிவு செய்யாத வரை கோடரால் அந்தக் குறியீட்டை இட முடியாது.